வெயிலின் கணக்கை வாசிக்கும் முறை

(சங்கத்தின் திங்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கம்பனையும் வள்ளுவனையும் பற்றி அறிஞர் பெருமக்கள் பேசிச் சென்ற மேடை இது. இம்மேடையில் நின்று வெயிலைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் எனக்குக் கட்டளையிட்டார். நான் மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வேயின் பொறியியல் பிரிவில் பதிவேடு எழுதும் குமாஸ்தா, விஞ்ஞானி அல்லேன். எனினும் இருபது ஆண்டுகளாக எண்களோடு பழகி வருபவன். நான் பணியிற் சேர்ந்த புதிதில் தலைமை எழுத்தர் ஒருவர் எனக்குக் கற்பித்த பாடம் இன்றும் நினைவில் நிற்கிறது. “தம்பி, ஓர் எண்ணை ஏட்டில் ஏற்றுமுன் அது எதை அளந்தது, எங்கே அளந்தது, எப்போது அளந்தது என்று கேள். விடை தெரியாத எண் வெறும் மை” என்பார் அவர். அந்தப் பாடத்தைத்தான் இன்று உங்கள் முன் சற்று விரித்துரைக்கப் போகிறேன்.

இப்பேச்சுக்கு உரிய காரணத்தை நீங்கள் அறிவீர்கள். நம் மன்றத்தின் முன்னுள்ள திடலைச் செப்பனிட வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவாயிற்று. எவ்வாறு செப்பனிடுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. வெள்ளை நிறச் சிமெண்டுக் கற்களைப் பதித்தால் பொங்கல் விழாவிற்கும் வண்டி நிறுத்துவதற்கும் வசதி என்கின்றனர் ஒரு சாரார். பசும்புல் தரை அமைத்தால் கண்ணுக்கும் குளிர்ச்சி, காலுக்கும் குளிர்ச்சி என்கின்றனர் மற்றொரு சாரார். மேற்கு ஓரத்தில் நிற்கும் மூன்று வேப்பமரங்களை வெட்டாமல் காத்து, அவற்றோடு இன்னும் சில மரங்களை நட வேண்டும் என்பது மூன்றாவது கட்சி. கட்டடக்கலை பயிலும் நம் காலனிப் பிள்ளைகள் இருவர், இம்மூன்று திட்டங்களையும் கணிப்பொறியில் இட்டு, கோடை வெப்பத்தை எது எவ்வளவு தணிக்கும் என்று கணக்கிட்டுத் தர முன்வந்துள்ளனர். வண்ணப் படங்களும் எண் அட்டவணைகளுமாக அக்கணக்கு அடுத்த பொதுக்குழுவிற்கு வரும். படத்தைக் கண்டு மயங்காமலும், எண்ணைக் கண்டு மருளாமலும் அதை வாசிக்க நாம் கற்றிருக்க வேண்டும் அன்றோ?

இது திடலின் அழகைப் பற்றிய வழக்கு மட்டும் அன்று. 2010ஆம் ஆண்டு மே மாதத்தை இந்த அகமதாபாத் நகரில் வாழ்ந்தோர் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். அம்மாதம் 21ஆம் நாள் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. (இவ்வுரையில் டிகிரி என்று சொல்வன யாவும் செல்சியஸ் அளவே.) பின்னர் ஆராய்ச்சியாளர்கள் அம்மாதத்து இறப்புப் பதிவுகளை முந்திய ஆண்டு, பிந்திய ஆண்டு ஆகியவற்றின் மே மாதப் பதிவுகளோடு ஒப்பிட்டு நோக்கினர். வழக்கத்தைக் காட்டிலும் 1,344 இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்திருந்தன. ஒரு மாநகரில், ஒரே மாதத்தில்! அந்த அதிர்ச்சிக்குப் பின்னரே 2013இல் இம்மாநகராட்சி வெப்பச் செயல் திட்டம் ஒன்றை வகுத்தது. தெற்காசிய நகரங்களில் இவ்வகைத் திட்டம் கண்ட முதல் நகரம் நம் நகரமே. ஆகவே வெப்பத்தைப் பற்றிய எண்களைச் சரியாக வாசிப்பது இவ்வூரில் பொழுதுபோக்கு அன்று. உயிரோடு தொடர்புடைய கடமை.

முதலில், கணிப்பொறி செய்வது யாது என்று பார்ப்போம். நம் திடலையும் சுற்றியுள்ள வீடுகளையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக் கொள்கிறார்கள். ஒவ்வொரு கட்டமும் இரண்டு மீட்டரோ மூன்று மீட்டரோ இருக்கும். இந்தக் கட்டம் செங்கற்சுவர், இது தார்ச்சாலை, இது மரத்தின் கிளை, இது ஈரமண் என்று ஒவ்வொன்றையும் கணிப்பொறிக்குச் சொல்லி வைக்கிறார்கள். பிறகு ஒரு கோடை நாளின் வெயில், காற்று, ஈரப்பதம் ஆகியவற்றை அதற்குக் கொடுக்கிறார்கள். வெப்பம் எங்கே புகுந்தது, எங்கே தங்கியது, எங்கே வெளியேறியது என்று ஒவ்வொரு கட்டத்திற்கும் வரவு செலவு எழுதிக்கொண்டே போகிறது கணிப்பொறி. உள்ளதைப் போல் ஒன்றை எண்களால் எழுப்பி, அதன்மேல் கணக்கால் வெயிலடிக்கச் செய்வதால் இதனைப் பாவனைக் கணக்கு என்று நான் அழைக்கிறேன். ஜெர்மனியில் மிக்கேல் புரூஸே என்பவர் உருவாக்கி, 1998 முதல் அறிஞருலகில் வழங்கி வரும் ‘என்வி-மெட்’ என்னும் மென்பொருள் இவ்வகையில் பெயர் பெற்றது. நம் பிள்ளைகளும் அதனையே கையாளப் போவதாகக் கூறினர்.

ஒரு நாள் கணக்கு முடிந்தால் இலட்சக்கணக்கான எண்கள் வந்து குவியும். அவற்றை வாசிக்க ஐந்து கேள்விகள் போதும் என்பது என் எண்ணம்.

முதற் கேள்வி: இந்த எண் எதன் வெப்பத்தைச் சொல்கிறது?

நம் இரயில்வே அன்பர்களுக்கு இது புதிதன்று. செய்தித்தாளில் இன்று 42 டிகிரி என்று போடுகிறார்கள். அது காற்றின் வெப்பம். வானிலை நிலையத்தில் காற்று புகும் வெள்ளை மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறத்தாழ நான்கு அடி உயரத்தில், வெயில் நேரே படாதபடி வைத்த வெப்பமானி சொல்லும் செய்தி அது. அதே வேளையில் வெயிலில் கிடக்கும் தண்டவாளமோ 60 டிகிரியைத் தொட்டிருக்கக்கூடும். நெடுந்தொலைவு பற்றவைத்த தண்டவாளத்தை எந்த வெப்பநிலையில் இறுக்கமின்றிப் பொருத்தினார்களோ, அதற்கு மேல் 20 டிகிரி கூடிவிட்டால் வெயில்கால ரோந்து புறப்பட வேண்டும் என்பது விதி. அந்த ரோந்தைச் செய்தித்தாள் பார்த்து எந்த அதிகாரியும் அனுப்புவதில்லை. தண்டவாளத்தின் மேலேயே வெப்பமானியை வைத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார். இரும்புக்குக் காட்டும் இந்த அக்கறையை மனித உடலுக்கும் காட்ட வேண்டாமா?

வெயிலில் நிற்கும் மனிதனும் காற்றால் மட்டும் சுடப்படுவதில்லை. மேலிருந்து சூரியன், பக்கத்திலிருந்து சுவர், கீழிருந்து தரை என்று எல்லாத் திசையிலிருந்தும் கதிர்கள் அவனைத் தாக்குகின்றன. அவற்றையெல்லாம் ஒன்றாகக் கூட்டி ஒரே வெப்பநிலையாக மாற்றிச் சொல்வதே சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலை எனப்படுவது. காற்று 40 டிகிரியாக இருக்கும் நண்பகலில் இது 60, 65 என்று போவதும் உண்டு.

இந்த இரண்டையும் பிரித்தறியாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உண்மைக் கணக்கைக் காட்டுகிறேன். ஜெர்மனியின் பிரைபர்க் நகரக் குடியிருப்புப் பகுதி ஒன்றை, ஐரோப்பாவையே வாட்டிய 2003ஆம் ஆண்டு வெப்ப அலையின்போது, ஆகஸ்டு 4ஆம் நாளுக்கு என்வி-மெட் கொண்டு கணக்கிட்டார்கள். முடிவு 2016இல் வெளியாயிற்று. புல்தரையால் காற்றின் வெப்பம், அதிகம் குறைந்த இடத்தில், 3.4 டிகிரி குறைந்தது. மரங்களால் குறைந்ததோ 2.7 டிகிரிதான். இதோடு ஏட்டை மூடிவிட்டால் நாம் என்ன முடிவு செய்வோம்? மரத்தைவிடப் புல்லே மேல் என்று முடிவு செய்து கோடரியை எடுப்போம். ஆனால் அடுத்த பத்தியைப் பாருங்கள். சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலையைப் புல் 7.5 டிகிரி குறைத்தது. மரமோ 39 டிகிரி குறைத்தது! உடல் உணரும் வெப்பத்தைக் கூறும் மூன்றாவது பத்தியில், புல்லால் விளைந்த குறைவு ஏறத்தாழ 5 டிகிரி. மரத்தால் விளைந்தது 17 டிகிரிக்கு மேல். புல் தரையைக் குளிர்வித்துக் காற்றைத் தணிக்கும். தலைமேல் விழும் வெயிலைத் தடுக்கும் ஆற்றல் அதற்கில்லை. ஒரே கணக்கு, ஒரே நாள், ஒரே தெரு. வாசித்த பத்தி மாறினால் தீர்ப்பே மாறிவிடுகிறது.

வெள்ளைக் கற்களை விரும்பும் அன்பர்களுக்கும் இங்கே ஒரு சொல். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சாலைகளுக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெளிர்நிறப் பூச்சு பூசி அளந்து பார்த்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். சாலையின் வெப்பம் சில டிகிரி குறைந்தது உண்மை. ஆனால் திருப்பியடிக்கப்பட்ட வெயில் நடந்து செல்வோர் மேல் விழுந்ததால், நடுப்பகலில் அவர்கள் மேல் படும் கதிர்வீச்சு வெப்பநிலை ஏறத்தாழ 4 டிகிரி உயர்ந்தது. கூரைக்கு வெள்ளையடிப்பது வேறு. அதன்மேல் நண்பகலில் எவரும் உலவுவதில்லை. மக்கள் நிற்கும் தரைக்கு வெள்ளையடிப்பது வேறு.

இரண்டாம் கேள்வி: எந்தப் படியால் அளந்தார்கள்?

முழமும் சாணும் ஒன்றாகா. வெப்பத்துக்கும் பல படிகள் உள்ளன. எல்லாவற்றுக்கும் டிகிரி என்றே பெயர் வைத்ததுதான் குழப்பம். 35 என்ற ஓர் எண்ணை எடுத்துக் கொள்வோம். காற்றின் வெப்பம் 35 என்றால், மே மாதத்தில் நாம் கடவுளுக்கு நன்றி சொல்லுவோம். ‘யூ.டி.சி.ஐ.’ எனப்படும் உலகப் பொதுக் குறியீட்டில் 35 என்றால் அது கடும் வெப்பத் தாக்குதல். அந்தப் படியில் 38க்கு மேல் மிகக் கடுமை, 46க்கு மேல் உச்சக் கொடுமை. ஈரக்குமிழ் கோள வெப்பநிலை என்னும் படியில் 35 என்றால் கடின வேலையை உடனே நிறுத்த வேண்டும். வெறும் ஈரக்குமிழ் வெப்பநிலையே 35 என்றால், வியர்வையால் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழியே அடைபட்டு, சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து என்று 2010இல் அறிஞர்கள் கணித்தனர். 2022இல் வெளியான பரிசோதனைகளோ, ஈரக் காற்றில் 31 அளவிலேயே நல்ல உடல்வலிமை உள்ள இளைஞரின் உடலும் தடுமாறத் தொடங்குவதைக் காட்டின.

ஈரக்குமிழ் கோள வெப்பநிலையை நாமே கணக்கிடலாம். 1950களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெயிலில் சுருண்டு விழுவதைத் தடுக்கப் பிறந்த கணக்கு இது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் ஏழு பங்கு, கரிய உருண்டைக்குள் வைத்த வெப்பமானியின் அளவில் இரண்டு பங்கு, காற்றின் அளவில் ஒரு பங்கு. கூட்டிப் பத்தால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக ஈரத்துணி 27, கரிய உருண்டை 58, காற்று 42 என்று கொள்வோம். 189, 116, 42 ஆகியவற்றைக் கூட்டினால் 347. பத்தால் வகுத்தால் 34.7. “காற்று 42, இந்தக் கணக்கு 34.7தானே, குறைந்துவிட்டதே” என்று மகிழக் கூடாது. அந்தப் படையினர் இப்படியில் ஏறத்தாழ 32ஐத் தாண்டியதும் கறுப்புக் கொடி ஏற்றிக் கடும் பயிற்சியை நிறுத்துகிறார்கள். ஆகவே எண்ணின் அருகே படியின் பெயர் எழுதாத அட்டவணையை நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

மூன்றாம் கேள்வி: இது யாருடைய உடலுக்குப் போட்ட கணக்கு?

உடல் உணரும் வெப்பத்தைக் கணக்கிட ஓர் உடல் வேண்டும். பிரைபர்க் கணக்கில் மூன்றாவது பத்தியாக வந்த ‘பெட்’ என்னும் குறியீட்டுக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் மனிதன் யார் தெரியுமா? வயது 35, ஆண், உயரம் 1.75 மீட்டர், எடை 75 கிலோ, உடல்நலம் உள்ளவன், இலேசான வேலை செய்பவன். இத்தகைய இளைஞர் சிலர் நம் சபையிலும் இருக்கிறார்கள். அவர்கள் நீடூழி வாழ்க! ஆனால் காலை பத்தரை மணிக்குத் தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நிற்பவர் அவர்களா? பகல் ஒரு மணிக்குப் பள்ளிப் பேருந்திலிருந்து பையோடு இறங்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு அந்த மனிதனின் கணக்கு பொருந்துமா? வியர்வை சுரப்பது குறைந்துவிட்ட பாட்டிக்கு, இதயத்துக்கு மருந்துண்ணும் தாத்தாவுக்கு, கருவுற்ற பெண்ணுக்கு, அடுப்படியில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வரும் தாய்க்குப் பொருந்துமா? அட்டவணையில் ‘மிதம்’ என்று எழுதியிருந்தால், அந்த 35 வயதுக்காரனுக்கு மிதம் என்று மட்டுமே பொருள்.

இதில் மறுபுறமும் ஒன்று உண்டு. ‘பெட்’ குறியீட்டின் பழைய தரவரிசை ஐரோப்பியருக்காக வகுக்கப்பட்டது. அதன்படி 18 முதல் 23 வரை இதமானது. தைவான் தீவில் மக்களைக் கேட்டுப் பார்த்தபோது அவர்களுக்கு 26 முதல் 30 வரையே இதமாக இருந்தது. வெப்ப நாட்டில் பழகிய உடலுக்கு அளவு மாறுகிறது. எனவே ஐரோப்பியத் தரவரிசையை அப்படியே ஒட்டினால், நம் ஊர்ப் படம் காலை எட்டு மணிக்கே செக்கச் செவேலென்று சிவந்து, எந்த இடம் உண்மையில் கொடியது என்பதைக் காட்டாமல் போய்விடும். எந்தத் தரவரிசை என்று பிள்ளைகளைக் கேட்டுக் கொள்வோம்.

நான்காம் கேள்வி: எந்த இடம், எந்த நேரம்?

திடல் முழுவதற்கும், நாள் முழுவதற்கும் சராசரி எடுத்து ஒரே எண்ணைத் தந்தால் அதில் பெரும் செய்திகள் புதைந்து போகும். இரண்டு மரங்கள் திடலின் சராசரியைக் கால் டிகிரிகூட மாற்றாமல் இருக்கலாம். ஆனால் அவை நிழல் தரும் இடம் பேருந்து நிற்கும் இடமாகவும், நிழல் விழும் நேரம் பிள்ளைகள் இறங்கும் நேரமாகவும் இருந்தால், அதைவிட நமக்கு வேறென்ன வேண்டும்? ஆகையால் சராசரியைக் கேட்பதோடு, குழாயடியில் காலை பத்தரைக்கு எவ்வளவு, பேருந்து நிற்குமிடத்தில் பகல் ஒன்றுக்கு எவ்வளவு, மாலையில் பெரியவர்கள் அமரும் திண்ணையில் ஆறு மணிக்கு எவ்வளவு என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இரவையும் மறவாது கேட்க வேண்டும். பகலில் வெயிலைக் குடித்த சுவரும் தரையும் இரவில் அதைக் கக்குகின்றன. நகரம் நாட்டுப்புறத்தைவிட இரவிலேயே மிகுதியும் வெப்பமாயிருப்பதை இலண்டனில் லூக் ஹோவர்டு என்பவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அளந்து எழுதினார். மரத்திற்கும் இங்கே ஒரு குறை உண்டு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடர்ந்த கிளைகள் தரையின் வெப்பம் வானத்துக்குத் தப்பிச் செல்வதைத் தடுப்பதால், இரவில் மரத்தடி திறந்த புல்வெளியைவிடச் சற்று வெப்பமாக இருப்பதும் உண்டு. காற்று வரும் வழியை அடைத்து மரம் நட்டால் அக்குறை மிகும்.

சென்ற கோடையில் நம் காலனியின் மேல்மாடியில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் நள்ளிரவில் நினைவிழந்து விழுந்ததை நீங்கள் அறிவீர்கள். அன்று பகல் வெப்பம் முந்திய நாளைவிடக் குறைவு; 41 டிகிரிதான். அதனால் வீட்டார் கவலையற்று இருந்தனர். ஆனால் மொட்டை மாடியின் கான்கிரீட் நான்கு நாள் வெயிலைச் சேர்த்து வைத்திருந்தது. அறையோ இரவு முழுவதும் ஆறவே இல்லை. அண்டை வீட்டார் விரைந்து தூக்கிச் சென்றதால் இறையருளால் அவர் நலம் பெற்று இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். இதில் நமக்குப் பாடம் இரண்டு. பகலின் உச்சம் மட்டும் ஆபத்தைக் கூறிவிடாது. மேலும், பிள்ளைகள் தரப்போகும் படம் திடலில் ஆளுயரத்தில் உள்ள வெப்பத்தைத்தான் காட்டும். மேல்மாடி அறைக்குள் நடப்பதைக் காட்டாது. திடல் பச்சையாகத் தெரிகிறது என்பதற்காக மேல்மாடிக்கு வெள்ளையடிக்கும் வேலையைத் தள்ளிப் போடலாகாது.

வண்ணத்தைப் பற்றியும் ஒரு சொல். நீலம் என்றால் குளிர்ச்சி என்று நம் கண் நம்பிவிடும. வெப்பப் படத்தில் நீலம் என்பது அப்படத்திலேயே குறைந்த எண். அது 44 ஆகவும் இருக்கலாம். ஒரு படத்தில் சிவப்பு 50ஐயும் மற்றொன்றில் சிவப்பு 45ஐயும் குறித்தால் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது வீண். மூன்று திட்டங்களுக்கும் ஒரே வண்ண அளவுகோல் வேண்டும் என்று இப்போதே சொல்லி வைப்போம்.

ஐந்தாம் கேள்வி: இதை எவ்வளவு நம்பலாம்?

பாவனைக் கணக்கு நாம் கொடுத்ததைத்தான் திருப்பித் தரும். புல்தரை எப்போதும் ஈரமாயிருப்பதாகக் கொடுத்தால் புல் மிக நன்றாகக் குளிர்விக்கும். மே மாதத்தில் நம் காலனியில் தண்ணீர் வரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். அந்த ஈரத்திற்கு நாம் எங்கே போவது? நேற்று நட்ட கன்றுக்கு இருபது ஆண்டு மரத்தின் நிழலைக் கொடுத்தாலும் கணிப்பொறி மறுக்காது. எனவே என்ன கொடுத்தீர்கள் என்று கேட்க வேண்டும். கணக்குத் தொடங்கும் முதல் சில மணி நேரத்து எண்கள் நிலைபெறாதவை. அவற்றை ஒதுக்கிவிடுவது வழக்கம். படத்தின் ஓரத்துக் கட்டங்களும் நம்பத் தக்கவை அல்ல. ஆதலால் நம் திடல் படத்தின் நடுவில் அமைய வேண்டும்.

அடுத்து, கணக்கை அளவோடு ஒப்பிட்டார்களா என்று கேட்க வேண்டும். திடலில் இரண்டு இடங்களில் வெப்பமானி வைத்து ஒரு நாள் மணிக்கு மணி எழுதினால், கணக்கு எவ்வளவு பிசகுகிறது என்பது தெரிந்துவிடும். காற்றின் வெப்பத்தில் ஓரிரு டிகிரி பிசகுவது இத்தகைய கணக்குகளில் சாதாரணம். அவ்வாறாயின் கணக்கே வீணா? அன்று. பார்சல் அலுவலகத்துத் தராசு ஒவ்வொரு மூட்டைக்கும் இரண்டு கிலோ கூட்டிக் காட்டினாலும், இரு மூட்டைகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சரியாகவே காட்டும். அதுபோல, “திடலில் மே 20ஆம் நாள் 43.6 டிகிரி இருக்கும்” என்பதைவிட, “இத்திட்டத்தைக் காட்டிலும் அத்திட்டத்தில் இவ்வளவு குறையும்” என்பதே கூடுதலாக நம்பத் தக்கது. ஆனால் தராசு மூட்டைக்கு மூட்டை வேறுவிதமாகப் பிசகினால் இதுவும் நிற்காது. ஆகவே வெயிலில் ஓரிடம், மரநிழலில் ஓரிடம் என இரண்டிலும் அளந்து பார்க்க வேண்டும். இரு திட்டங்களின் வேறுபாடு கால் டிகிரி, அரை டிகிரி என்றால் அதை வைத்து வழக்காட வேண்டாம்; பத்து டிகிரி என்றால் அதை அலட்சியம் செய்யவும் வேண்டாம்.

நேர்மையான எண் தன் எல்லையையும் உடன் சொல்லும். நம் நகரின் வெப்பச் செயல் திட்டத்தை ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அத்திட்டத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. ஆனால் அதே வரியில், இவ்வெண் 162ஆகவும் இருக்கலாம், 2,218ஆகவும் இருக்கலாம் என்று எல்லை வகுத்திருந்தது. இதைக் கண்டு சிலர், “ஒன்றும் நிச்சயமில்லை” என்று கை விரிப்பர். நான் அவ்வாறு வாசிக்கவில்லை. கீழெல்லையே 162 உயிர்கள்! எவ்வளவு என்பதில்தான் ஐயம். நன்மை விளைந்தது என்பதில் அன்று.

அன்பர்களே! மூன்று கட்சியில் எது வெல்ல வேண்டும் என்று உரைக்க நான் வரவில்லை. கணக்கு வரட்டும், வாசிப்போம். அதற்கு முன் செயற்குழுவுக்கு மூன்று வேண்டுகோள்கள் விடுக்கிறேன். முதலாவது, கணக்கு வந்து பொதுக்குழுவில் வாசிக்கப்படும் வரை வேப்பமரங்கள் மூன்றின் மீதும் அரிவாள் படக் கூடாது. கல்லைப் பதித்தால் பெயர்க்கலாம். புல்லை விதைத்தால் மாற்றலாம். முப்பது ஆண்டு நிழலை வெட்டிவிட்டால் மீண்டும் முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டும். இரண்டாவது, குழாயடி, பேருந்து நிற்குமிடம், திண்ணை ஆகிய மூன்று இடங்களுக்கும் தனித்தனியே எண் தருமாறு பிள்ளைகளுக்கு இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்விடங்களில் நிற்பவர் பெரும்பாலும் தாய்மார்களும் குழந்தைகளும் முதியோருமே ஆதலால், கேள்விகளை வகுக்கும் குழுவில் மாதர் சங்கத்தார் இருவர் இடம்பெற வேண்டும். மூன்றாவது, இரண்டு வெப்பமானிகள் வாங்கச் சங்க நிதியிலிருந்து சிறு தொகை ஒதுக்க வேண்டும். மே மாதத்தில் மணிக்கு மணி சென்று எழுதும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். பதிவேடு எழுதுவது எனக்குப் பழகிய தொழில். விடுமுறையில் இருக்கும் மாணவர் இருவர் துணைக்கு வந்தால் அவர்களுக்கும் பயிற்சியாகும்.

பிழைப்பைத் தேடி நாம் இவ்வூருக்கு வந்தோம். இந்நகரம் நமக்குச் சோறிட்டது. நம் பிள்ளைகளுக்குக் கல்வி தந்தது. இதன் வெயிலையும் நாம் நம்முடையதாகக் கொண்டு, அதன் போக்கை அறிந்து வாழ வேண்டியவர்களாக இருக்கிறோம். அதற்கு எண்கள் உதவும். கேட்கத் தெரிந்தவர்க்கே உதவும்.